திரை மாட்டாத கார்ட்

இது நடந்தது. இடம் கல்முனைக்குடி. நாள் 2025 ரமழானின் பத்தொன்பதாம் நோன்பு, வியாழக்கிழமை. நேரம் காலை 8.40 இலிருந்து பின்னேரம் 3.37 வரை. நடுச்சாமம் இல்லை, அமாவாசை இல்லை, நாய் ஊளையிடவும் இல்லை. நல்ல பட்டப்பகல். நம்பமாட்டேன் என்கிறவர்களோடு எனக்குச் சண்டை கிடையாது. அவர்கள் அந்தப் படங்கள் பதிவான நேரத்தைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோன்பு மாதத்தில் சைத்தான்களுக்கு விலங்கு போட்டிருக்கும் என்று எங்கள் பக்கம் ஓதப் போன சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆகவே அது சைத்தான் வேலை இல்லை. அப்படியென்றால் என்ன என்று என்னிடம் கேட்காதீர்கள்.

இன்ஷிராவுக்கு இருபத்தொன்பது வயது. கட்டப்போகிற வீட்டை, கட்டுவதற்கு முன்பே கம்பியூட்டரில் கட்டிக் காட்டுவது அவள் தொழில். எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மகளுக்கு வீடு எழும்பாமல் மாப்பிள்ளை வாசல்படி மிதிக்கமாட்டார். பெண்பிள்ளை பெற்ற வாப்பாமார் இருக்கும்வரை இன்ஷிராவுக்கு வேலைக்குக் குறைவில்லை.

அன்று கையில் இருந்தது அதாவுல்லா ஹாஜியாரின் வீடு. மகள் அம்ஹாவுக்காகக் கட்டுகிறார். கடற்கரை வீதிக்கு உள்ளே இரண்டாவது வளவு. முன்பு அங்கே அவருடைய வீடு இருந்தது, சுனாமி அடியோடு கொண்டுபோனது. அதற்குப் பிறகு இருபது வருடம் வெறும் வளவாகவே கிடந்தது. அந்த வளவில் யார் போனார்கள், எத்தனை பேர் என்று இன்ஷிரா கேட்கவில்லை. அந்தப் பக்கத்தில் யாரும் யாரிடமும் அதைக் கேட்பதில்லை. எல்லா வீட்டிலும் ஒரு கணக்கு இருக்கிறது.

அத்திவாரம் போட்டாயிற்று. சனிக்கிழமை குசினிப் பக்கத் தரைக்குக் கொங்கிறீட். அன்று பின்னேரம் நோன்பு திறக்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள், அவர்களுக்கு டீவியில் வீட்டைச் சுற்றிக் காட்ட வேண்டும். ஐம்பது விநாடி வீடியோ. கேற்றால் நுழைந்து, ஹோலுக்குள் போய், குசினியில் அடுப்படியை எட்டிப் பார்த்து, மாடியேறி, பல்கனியில் நின்று கடலைப் பார்க்க வேண்டும்.

ஐம்பது விநாடி என்றால் லேசாகத்தான் தெரியும். ஒரு விநாடிக்கு இருபத்தைந்து படம், மொத்தம் ஆயிரத்து இருநூற்று ஐம்பது. ஒவ்வொரு படத்திலும் வெளிச்சம் எங்கே விழுகிறது, நிழல் எங்கே சாய்கிறது என்று கம்பியூட்டர் கணக்குப் பார்த்து வரைய வேண்டும். அதற்குப் பெயர் ரெண்டர். ஒரு படத்துக்கு இருபது விநாடி. ஏழு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்த ஏழு மணித்தியாலமும் மவுஸ் கூட அசையாது. வேலை செய்கிறவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

அதற்காகத்தான் அவள் இரண்டு கிராபிக்ஸ் கார்ட் வைத்திருந்தாள். சின்ன கார்டில் திரை மாட்டியிருந்தது, அதில் அவள் வேலை செய்வாள். பெரிய கார்டில் திரை இல்லை. அது பெட்டிக்குள் இருந்து தன்பாட்டுக்கு ரெண்டர் போடும். அவளுடைய கணவன் ஹிஷாம் இதை இப்படிச் சொல்லுவான்: "ஒரு அடுப்புல சோறு, மத்த அடுப்புல கறி. வேறென்ன இரிக்கி இதுல?"

சரிதான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கறியை மூடி திறந்து பார்க்கலாம். பெரிய கார்ட் வரைவதை, வரையும்போது யாரும் பார்ப்பதில்லை. முடிந்த படம் வந்து விழுந்த பிறகுதான் தெரியும்.

காலை 8.40. ரெண்டரைத் தட்டிவிட்டாள். ஹிஷாம் மாவடிப்பள்ளிக்கு வெள்ளாமை வெட்டப் போயிருந்தான். வீட்டில் அவள் மட்டும். நோன்புக் காலத்துக் காலை, தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. பெரிய கார்டின் காற்றாடி "ஊ...ம்" என்று சுற்றும். ஒரு படம் முடிந்ததும் ஒரு நொடி தணியும். மறுபடி "ஊ...ம்". அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சின்ன கார்டில் மாடி அறைக்குத் திரைச்சீலை பொருத்திக்கொண்டிருந்தாள்.

10.05. எட்டிப் பார்த்தாள். 255 ஆவது படம். ஹோல், சாப்பாட்டு மேசை, மேசையில் கண்ணாடி ஜக். எல்லாம் அவள் வைத்த இடத்தில்தான். ஆனாலும் ஏதோ இடித்தது. ஜக்கின் வாய் வட்டமாகத் தெரிய வேண்டும், ஏனென்றால் கம்பியூட்டர் வீட்டைப் பார்க்கிற கெமராவை ஒரு பெரிய ஆளின் கண் உயரத்தில், நூற்று அறுபது சென்ரிமீற்றரில், வைத்திருந்தாள். படத்தில் ஜக்கின் வாய் ஒரு கோடாகத் தெரிந்தது. யாரோ மேசைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்த மாதிரி.

கெமராவைத் தட்டிப் பார்த்தாள். நூற்று அறுபது என்றுதான் இருந்தது. திரையில் ஜக்கின் வாய் வட்டமாகத்தான் இருந்தது. நோன்புக் களைப்பு, நான்தான் பிழையாகப் பார்க்கிறேன் என்று தன்னையே ஏசிக்கொண்டு திரைச்சீலைக்குத் திரும்பினாள்.

11.30. 510 ஆவது படம். கதவுப் பிடி கண்ணுக்கு நேராக நின்றது. கதவுப் பிடியின் உயரம் அவள் வைத்தது, அவளுக்குத் தெரியும். மூன்றடி நான்கு அங்குலம். அவளுக்கு எரிச்சல்தான் வந்தது, பயம் வரவில்லை. ஆறு மணிக்கு வீடியோ கொடுக்க வேண்டும், இந்த நேரத்தில் கார்ட் பழுதாகிறதே என்ற எரிச்சல். பழைய கார்டும் இல்லை. தைப்பொங்கலுக்கு முதல் கிழமை கொழும்பிலிருந்து பெட்டி உடைக்காமல் வந்தது.

அதே 510 ஐச் சின்ன கார்டில் ஒருமுறை போட்டுப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை. உயரம் சரி, பிடி கீழே. பெரிய கார்டில் மறுபடி போட்டாள். பிடி கண்ணுக்கு நேரே.

அவள் பார்க்கிற கார்ட் ஒரு வீட்டைக் காட்டியது. அவள் பார்க்காத கார்ட் அதே வீட்டை வேறு யாரோ பார்க்கிற மாதிரிக் காட்டியது.

விசைப்பலகையில் அம்பு விசையை அழுத்தி, வந்து விழுந்த படங்களை வேகமாக ஓட்டிப் பார்த்தாள். அப்போதுதான் கவனித்தாள். படம் மேலும் கீழும் அசைந்தது. மிதந்து போக வேண்டிய கெமரா நடந்து போனது. சின்னச் சின்ன எட்டு வைத்து. ஒரு இடத்தில் ஓடியது கூட.

12.15. லுஹர் பாங்கு கேட்டது. எழுந்து போய்த் தொழுதாள். தொழுகையில் மனம் நிற்கவில்லை. எத்தனை றக்அத் தொழுதோம் என்று இரண்டு தரம் தடுமாறினாள்.

1.15. 825 ஆவது படம். கெமரா இந்நேரம் மாடிப்படியில் பாதி தூரம் ஏறியிருக்க வேண்டும்.

ஏறவில்லை. குசினிக்குள் நின்றது. குசினியின் தென்கிழக்கு மூலையில். அங்கே அவள் ஒன்றும் வைக்கவில்லை, வெறும் டைல்ஸ். கெமரா குனிந்து அந்த டைல்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தது.

826. டைல்ஸ்.

840. டைல்ஸ். நனைந்திருந்தது.

அவள் அந்த வீட்டுக்குள் தண்ணீர் என்று ஒரு சொட்டும் வைக்கவில்லை.

காற்றாடிச் சத்தமும் மாறியிருந்தது. நீண்ட "ஊ...ம்" இல்லை. ஊம்... ஊம்... ஊம்... குறுகக் குறுக. ஓடி வந்த பிள்ளை மூச்சு வாங்குகிற மாதிரி.

ரெண்டரை நிறுத்தியிருக்கலாம்தானே என்று நானும் அவளிடம் கேட்டேன். "நிப்பாட்டினா ஆறு மணிக்கு எதக் குடுக்கிற?" என்றாள். பிறகு சொன்னாள்: "இடையில விட்டுட்டுப் போக மனம் வரல்ல. ஆரோ என்னையக் கூட்டிட்டுப் போய்க் காட்டுற மாதிரி இருந்திச்சு."

950. டைல்ஸ் இல்லை. மணல்.

1000. மணல். ஈரம்.

2.20. 1020.

கறுப்பு.

1021. கறுப்பு. 1022. கறுப்பு.

கார்ட் செத்துவிட்டது என்று நினைத்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், அவளுக்கு அப்போது நிம்மதியாக இருந்ததாம்.

2.31. 1053.

கறுப்புக்கு நடுவில் ஒரு வெளிச்சம். வட்டமாக. மேலே... வெகு மேலே.

அவள் நிறுத்தும் விசையை அழுத்தினாள். ரெண்டர் ஜன்னல் மூடியது.

காற்றாடி நிற்கவில்லை.

1071. 1072. படங்கள் வந்து விழுந்துகொண்டே இருந்தன. இருபது விநாடிக்கு ஒன்று.

1109.

1110.

2.50. குனிந்து சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினாள். திரை அணைந்தது. காற்றாடி அடங்கியது.

மாடிப்படியில் வந்து உட்கார்ந்தாள். தெரிந்த ஓதல் எல்லாம் ஓதினாள். அஸர் பாங்கு சொல்லும்வரை அந்தப் படியைவிட்டு எழும்பவில்லை. மேலே அறையில் ஒரு சத்தமும் இல்லை.

4.00 மணிக்குத்தான் மறுபடி பிளக்கை மாட்டினாள். பெரிய கார்டைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு மாட்டினாள். படங்கள் இருந்த இடத்தைத் திறந்தாள்.

ஆயிரத்து இருநூற்று ஐம்பது படங்கள்.

கடைசிப் படம் பதிவான நேரம் 3.37.

கம்பியூட்டர் 2.50 இலிருந்து செத்துக் கிடந்தது.

கறுப்புப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். அந்த வட்ட வெளிச்சம் கொஞ்ச நேரம் முழுதாக இருந்தது. பிறகு ஒரு பக்கத்தால் கடிபட்டது. கொஞ்சம் நின்றது. மறுபடி ஒரு கடி. நின்றது. மறுபடி. எண்ணினாள். ஏழு தரம். ஏழாவதோடு வெளிச்சம் இல்லை.

4.10 க்கு அனுசனுக்குக் கோல் எடுத்தாள். வீட்டுப் படம் கீறிக் கொடுத்தவர் அவர்தான், கல்முனையில் பலகாலம் அந்தத் தொழில் செய்கிறவர்.

"அனுசன் அண்ணன், ஹாஜியார்ட வளவுல குசினி வாற மூலையில முந்தி என்ன இருந்த?"

"ஏன் தங்கச்சி?"

"சும்மாதான். பழைய படம் ஏதும் இரிக்கா?"

"ஹாஜியார் காணி உறுதியோட ஒரு சேவயர் பிளான் தந்தவர். பொறுங்க, போட்டோ எடுத்து அனுப்புறன்."

4.22 க்கு வட்ஸ்அப்பில் வந்தது. மங்கிப்போன தாள். பழைய வீடு ஒரு பெட்டியாகக் கீறியிருந்தது. அதன் பின்பக்கம், இப்போதைய குசினியின் தென்கிழக்கு மூலை வரும் இடத்தில், ஒரு சின்ன வட்டம். பக்கத்தில் கையெழுத்தில் ஒரு சொல்.

கிணறு.

அன்று 5.20 க்குச் சின்ன கார்டில் போட்ட ஐந்து படங்களை ஹாஜியாருக்கு அனுப்பினாள். மாப்பிள்ளை வீட்டார் பார்த்துச் சந்தோசப்பட்டார்களாம். அவள் நோன்பு திறந்துவிட்டு அந்தச் சேவயர் பிளானை மறுபடி எடுத்துப் பார்த்தாள். சனிக்கிழமை அந்த மூலைக்கு மேல் கொங்கிறீட் விழப்போகிறது. விழுந்தால் பிறகு ஒருவரும் தோண்டப்போவதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாரும் அவளைக் குறை சொல்லமாட்டார்கள். வாயைத் திறந்தால், பகலில் பேய் கண்டவள் என்று ஊர் சிரிக்கும். வந்த வேலையும் போகும். ஹிஷாமிடம் படங்களைக் காட்டினாள். அவன் அம்பு விசையை அழுத்தி அழுத்திப் பார்த்தான். அன்றைக்கு அடுப்புக் கதை ஒன்றும் பேசவில்லை. "நாளைக்கு ஜும்ஆ தொழுது முடிய ஹாஜியாரிட்ட நானும் வாறன்" என்றான்.

போகுமுன் கறுப்புப் படங்கள் இருநூற்று முப்பத்தொன்றையும் வேறாக எடுத்து வைத்துவிட்டாள். ஏன் என்று அப்போது அவளுக்கே தெரியாது.

அதாவுல்லா ஹாஜியார் அறுபதைத் தாண்டியவர். கல்முனைக் கடைத்தெருவில் துணி வியாபாரம் செய்தவர், கதைத்தால் சத்தமாகக் கதைப்பவர். மடிக்கணினியை மேசையில் வைத்து அவருக்கு முன்னால் படங்களை ஓட்டினாள்.

"ஹாஜியார், மொத்தம் ஆயிரத்தி இருநூத்தி அம்பது படம். நான் வச்ச கெமரா இப்பிடிப் போறல்ல. இது தானா போகுது. கார்ட் பழுதாவும் இரிக்கலாம். ஆனா நீங்க ஒருக்காப் பாக்கணும்."

அவர் பார்த்தார். ஜக். கதவுப் பிடி. நடை. ஓட்டம். குசினி மூலை. ஆயிரத்துப் பத்தொன்பதோடு அவள் நிறுத்தினாள்.

அவர் சத்தம் போடவில்லை. கையை எடுத்துத் தன் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வைத்துக் காட்டினார்.

"இவ்வளவு உசரம் இரிக்குமா மகள், அந்தக் கெமரா?"

"ஓம் ஹாஜியார்."

"அப்ராவும் இவ்வளவுதான்."

பிறகு சொன்னார். அப்ரா மூத்த மகள். ஆறு வயது. சுனாமி வந்த காலையில் அவர் கடையில். "உம்மாக்காரி சின்னவளத் தூக்கிட்டு ஓடிட்டா. மூத்தவ பின்னால வாறா எண்டு நினைச்சிட்டா. அவ கிணத்தடியில முகம் கழுவிட்டு நிண்டிருக்கா. கடல் கொண்டு போயிட்டெண்டுதான் நாங்க இவ்வளவு காலமும்..." தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார்.

சனிக்கிழமை கொங்கிறீட் வரவில்லை. மண் தோண்டும் பெக்கோ மெசின் வந்தது. பதினோரு அடி வரை கல்லும் உடைந்த சீமெந்தும் மணலும். அதற்குக் கீழே கிடைத்ததை நான் எழுதப்போவதில்லை. சிறிதாக இருந்தது என்று மட்டும் சொல்கிறேன். பொலிஸ் வந்தது, நீதவான் வந்து பார்த்தார். செவ்வாய்க்கிழமைதான் கையில் கொடுத்தார்கள். அஸருக்குப் பிறகு ஜனாஸாத் தொழுகை நடத்தி மையவாடியில் அடக்கினார்கள். இருபது வருடத்துக்குப் பிறகு ஒரு வாப்பா தன் பிள்ளைக்கு மூன்று பிடி மண் போட்டார். பார்த்து நின்றவர்களில் கண் கலங்காத ஆள் இல்லை.

இன்ஷிரா அதோடு முடிந்தது என்று நினைத்தாள். பெரிய கார்டைப் பெட்டியில் போட்டு அலுமாரிக்கு மேல் ஏற்றிவிட்டாள். இன்றைக்கும் அவளிடம் ஒரே கார்ட்தான். ரெண்டர் போட்டால் வேலை நிற்கிறது. பரவாயில்லை என்கிறாள். கையைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு படமும் வரும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இருபத்தேழாம் நோன்பு, வெள்ளிக்கிழமை, பின்னேரம் 4.45. வாசலில் ஹாஜியார் நின்றார். தனியாக வந்திருந்தார். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை.

"மகள், அண்டைக்கு நீங்க காட்டின படம் ஆயிரத்துப் பத்தொன்பதோட நிண்டிச்சு."

அவள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"ஆயிரத்தி இருநூத்தி அம்பது எண்டு நீங்கதான் சொன்ன. மிச்சம் எங்க?"

"அது... கார்ட் பழுது ஹாஜியார்."

அவர் கேற்றைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தக் கிணத்த மூடினது நான்தான் மகள். அலை வந்து மூணாம் நாள். தண்ணி முழுக்க உப்பு, சேறு. ஊரே நாறிக் கிடந்த நேரம். பிள்ளைகள் விழுந்திரும் எண்டு ட்ரெக்டர்ல கல்லும் மண்ணும் கொண்டு வந்து, நானே பக்கத்துல நிண்டு கொட்டுவிச்சன்."

"ஹாஜியார்..."

"ஏழு லோட்."

இன்ஷிரா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"மறைக்காமச் சொல்லுங்க. மிச்சப் படத்துல வெளிச்சம் ஏதும் தெரிஞ்சிச்சா? புள்ள... மேல பாத்துட்டு இருந்திச்சா?"

வாயில் நோன்பு, பொய் பட்டால் பாழாகிற நோன்பு. முன்னால் வாப்பா.

"இல்ல ஹாஜியார். முழுக்கக் கறுப்பு. முதல்ல இருந்தே கறுப்பு."

அவர் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். கையில் இருந்த குடையை விரிக்காமல் வெயிலில் நடந்து போனார்.

அன்று இரவே அந்த இருநூற்று முப்பத்தொரு படங்களையும் எனக்கு ஒருமுறை காட்டிவிட்டு அழித்தாள். பெருநாள் முடிந்து மூன்றாம் நாள், எல்லோரும் வட்டிலாப்பம் தின்றுகொண்டிருந்தபோது, அவள் மட்டும் சாப்பிடவில்லை. ஏன் என்று ஹிஷாம் கேட்டான். இருபத்தேழாம் நோன்புக்குப் பதிலாகக் கழா நோன்பு பிடிக்கிறேன் என்றாள்.